செத்தவங்களும் வீடு மாறுற ஊர்ல ஒரு கல்லறை டூர்

மொதல்லயே சொல்லிடறேன், இந்த டூர் நடத்துறவங்க பேர போட மாட்டேன், ஏன்னா கொஞ்சம் குறை சொல்லப் போறேன், யார் பொழப்புலயும் மண்ண அள்ளிப் போட எனக்கு இஷ்டம் இல்ல. அரை நாள் டூர், தலைக்கு 65 வெள்ளி (சிங்கப்பூர் டாலரத்தான் இங்க வெள்ளிங்கிறோம்), நாங்க போன அன்னிக்கு மொத்தம் ஒன்பது பேர். சிங்கப்பூர்ல யூதர்களோட கல்லறை முன்னாடி எங்க இருந்துச்சு, இப்ப எங்க இருக்குன்னு காட்டுறாங்க. வாட்டர்லூ ஸ்திரீட்ல ஆரம்பிச்சு சுவா சூ காங்ல முடியும்.

நான் போனது அப்பாவுக்காக. எழுபத்தாறு வயசு, ரிடையர் ஆகி உக்காந்திருக்காரு, இந்த மாதிரி டூர் எதப் பாத்தாலும் எனக்கு அனுப்பி "பாப்பா இது எப்படி" ன்னு கேப்பாரு. அம்மாவக் கூப்புட்டோம், "காசு குடுத்து கல்லறைக்குப் போற மொத ஆளு நீங்கதான், நான் வரல" ன்னுட்டாங்க. சனிக்கிழமை டூர் கிடையாது, யூதர்களுக்கு அன்னிக்கு ஓய்வு நாள், அதனால வியாழக்கிழமை லீவு போட்டுட்டுப் போனேன்.

வாட்டர்லூ ஸ்திரீட் நமக்குத் தெரிஞ்ச எடம்தான். கிருஷ்ணன் கோயில், பக்கத்துலயே குவான் இம் கோயில், அங்க சாமி கும்புடுற சீனவங்க இங்கயும் வந்து ஊதுவத்தி ஏத்திட்டுப் போவாங்க. அதே தெருவுல கொஞ்சம் தள்ளி மகேன் அபோத்னு ஒரு யூதத் தொழுகைக் கூடம், 1878ல கட்டுனது. நான் இத்தன வருஷம் அந்தப் பக்கம் நடந்து போயிருக்கேன், அது ஏதோ பழைய பள்ளிக்கூடம்னு நெனச்சிட்டிருந்தேன். பேருக்கு அர்த்தம் 'முன்னோர்களின் கேடயம்'. உள்ள விடல, பாதுகாப்பு ரொம்ப டைட், வெளிய நின்னே பாத்தோம், அத முன்னாடியே புக்கிங் பக்கத்துல போட்டிருக்கலாம், உள்ள போகலாம்னு நம்பி வந்த ஒரு ஆண்ட்டிக்கு மூஞ்சி வாடிப் போச்சு.

கைடு ஒரு சீன இளைஞர், நல்லா படிச்சிட்டு வந்து பேசுறாரு, மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கல. இங்க வந்த மொத யூதர்கள் பெரும்பாலும் பாக்தாத் பக்கத்துக்காரங்க, கல்கத்தா வழியா வியாபாரத்துக்கு வந்தவங்க. 1830 கணக்குல மொத்தமே ஒன்பது பேர்தான். ஒன்பது பேர், எங்க டூர் குரூப் அளவு! போட் கீ பக்கம் சினகாக் ஸ்திரீட்னு ஒரு தெரு இருக்குல்ல, அங்கதான் அவங்களோட மொத தொழுகைக் கூடம், 1841ல. இப்ப அங்க தெருவோட பேர் மட்டும்தான் மிச்சம். அப்புறம் மிடில் ரோட், செலகி, வில்கி ரோட் இந்தப் பக்கமெல்லாம் வீடு கட்டி உக்காந்தாங்க, அந்த ஏரியாவுக்கு அவங்க வெச்ச பேரு மஹல்லா. நம்ம உருதுக்காரங்க பேசுற அதே மொஹல்லாதான்.

அங்கேருந்து நடந்து செலகி ரோட்ல எல்லிசன் பில்டிங். தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியாவுக்குப் போற வழியில வளைஞ்சு நிக்குமே, ரெண்டு குட்டி கோபுரம் வெச்சு, அதுதான். 1924ல ருமேனியாவுலேருந்து வந்த ஒரு யூதர் கட்டுனது, மேல பாத்தீங்கன்னா ஆறு முனை நட்சத்திரம் இருக்கும். குரூப்ல இருந்த ஒரு தமிழ் ஆண்ட்டி அதப் பாத்த உடனே "இது முருகன் சக்கரம்ல" ன்னு கேட்டாங்க, கைடுக்கு ஒண்ணும் புரியல, நான் சரவணபவ பத்தி எனக்குத் தெரிஞ்ச அளவு விளக்குனேன், அவரு போன்ல குறிச்சு வெச்சுக்கிட்டாரு. அடுத்த குரூப்புக்கு சொல்லுவாருன்னு நெனக்கிறேன்.

இப்ப விஷயத்துக்கு வரேன். டோபி காட்.

ஸ்டேஷன் வாசல்ல நிறுத்தி, "நீங்க நிக்கிற எடம் ஒரு கல்லறைத் தோட்டம்" ன்னாரு. சுத்தி அத்தன ஜனம், லஞ்ச் டைம், எல்லார் கையிலயும் பபள் டீ. அங்கதான் இந்த ஊர் யூதர்களோட மொத கல்லறை, 1840 வாக்குலேருந்து 1904 வரைக்கும். அந்தக் காலத்துல அது ஊரே இல்ல, ஊருக்கு வெளிய. அது இருக்குற ஆர்ச்சர்ட் ரோடுக்கு பேரே தோட்டத்த வெச்சுதானே வந்துச்சு, ரெண்டு பக்கமும் ஜாதிக்காத் தோட்டம், மொளகுத் தோட்டம், 1850கள்ல நோய் வந்து ஜாதிக்கா மரமெல்லாம் செத்துப் போச்சு. கல்லறைன்னா யாரும் ஊருக்கு நடுவுல வைக்க மாட்டாங்க, வெளிய கொண்டு போவாங்க, அதான் அங்க. இவங்க மட்டும் இல்ல, இப்ப தகாஷிமாயா நிக்குற எடம் தியோச்சியூ சீனவங்களோட பெரிய இடுகாடு. ஷாப்பிங் போறப்ப இத யாரு நெனக்கிறோம்.

இந்த எடத்துல அப்பா சும்மா இருக்கல. கைடு, டோபிங்கன்னா வட இந்தியாவுலேருந்து வந்த துணி தொவைக்குறவங்கன்னு சொன்னாரு. அப்பா உடனே "தம்பி, மெட்ராஸ்லேருந்தும் வந்தாங்க, பாதிப் பேரு நம்மாளுங்க" ன்னு தமிழ்ல ஆரம்பிச்சு பாதியில இங்கிலீஷுக்கு மாறுனாரு. அவர் சொன்னது சரிதான், பெங்கால், மெட்ராஸ் ரெண்டு எடத்துலேருந்தும் வந்தவங்க அங்க இருந்த ஓடையில தொவைச்சு, பக்கத்து பொட்டல்ல காயப் போடுவாங்க. நம்ம பேச்சுல சொன்னா வண்ணாந்துறை. ஆர்ச்சர்ட் ரோடுக்கே அந்தக் காலத்து தமிழருங்க வைராகிமடம்னு பேரு வெச்சிருந்தாங்கன்னு அப்பா சொன்னப்ப கைடு வாயப் பொளந்துட்டாரு. ஒரு பக்கம் நம்மாளு வெள்ளைக்காரன் வேட்டி சட்டைய, சாரி, கோட்டு சூட்ட கல்லுல அடிச்சுத் தொவைக்குறான், சொவத்துக்கு அந்தப் பக்கம் பாக்தாத்லேருந்து வந்த யாரோ ஒருத்தர அடக்கம் பண்றாங்க. ரெண்டு கூட்டமும் ஒருத்தர ஒருத்தர் பாத்திருப்பாங்க, என்ன நெனச்சிருப்பாங்களோ.

அப்புறம் எம்ஆர்டி ரயில் வந்துச்சு. 1983ல வேலை ஆரம்பிச்சாங்க, ஸ்டேஷன் தொறந்தது 1987 டிசம்பர். நடுவுல கல்லறையத் தோண்டி எலும்புங்கள எடுத்து சுவா சூ காங்ல மறுபடி அடக்கம் பண்ணாங்க. அப்பாவுக்கு அந்தத் தகரத் தடுப்பெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு, பக்கத்துல ஆம்பர் மேன்ஷன்ஸ்னு ஒரு பெரிய பழைய கட்டடம் இருந்துச்சாம், அதயும் அப்பதான் இடிச்சாங்களாம். "நான் தெனம் அந்த வழியாத்தான் பஸ்ஸுல வேலைக்குப் போவேன், உள்ள என்ன நடக்குதுன்னு ஒரு நாளும் கேட்டதில்ல" ன்னாரு.

யூத முறைப்படி ஒருத்தர அடக்கம் பண்ணிட்டா மறுபடி தோண்டக் கூடாது, சொந்தக் குடும்ப எடத்துல வைக்கணும், இஸ்ரேல்ல கொண்டு போய் வைக்கணும், இல்ல கல்லறைக்கே ஆபத்துன்னா மட்டும்தான் அனுமதி. எரிக்குறதும் கிடையாது. அவங்க பாஷையில கல்லறைக்கு ஒரு பேரு 'உயிரோட இருக்குறவங்க வீடு', இன்னொரு பேரு 'நித்திய வீடு'. நித்தியத்துக்கு நம்ம ஊருல என்ன கெடு இருக்குன்னு அப்புறம் சொல்றேன்.

இப்ப குறை. டோபி காட்லேருந்து வேன் வரணும், இருபத்தஞ்சு நிமிஷம் வரல. வெயில்ல நிக்க வெச்சுட்டாங்க, அப்பாவுக்கு முட்டி வலி, ஒரு தண்ணி பாட்டில் கூட தரல, 65 வெள்ளிக்கு ஒரு தண்ணி பாட்டில் தரக் கூடாதா? கடைசியில கைடே பாவம் ஓடிப் போய் சொந்தக் காசுல வாங்கிட்டு வந்தாரு. அது அவரோட நல்ல மனசு, கம்பெனியோட கணக்குல நான் சேக்க மாட்டேன். வேன்ல ஏசி நல்லா இருந்துச்சு.

லேட்டானதுக்கு வெட்டு விழுந்தது நொவீனாவுக்கு. 1904ல டோபி காட் கல்லறைய மூடுன அப்புறம் தாம்சன் ரோட்ல ஒண்ணு தொறந்தாங்க, எழுபது வருஷத்துக்கு மேல அங்கதான். யோசிச்சுப் பாருங்க, இந்த சமூகம் நல்லா செழிச்சு இருந்த காலம் மொத்தமும் அந்தக் கல்லறைக் காலம். சர் மனாசே மேயர் காசு போட்டு ஆக்ஸ்லி ரைஸ்ல செசெட் எல் தொழுகைக் கூடத்த 1905ல கட்டுனது, டேவிட் எலியாஸ் பில்டிங் 1928ல வந்தது, அப்புறம் ஜப்பான்காரன் வந்து இவங்கள முகாம்ல அடைச்சது, போருக்கு அப்புறம் குடும்பம் குடும்பமா ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, அமெரிக்கான்னு கெளம்பிப் போனது, எல்லாம். அந்தக் கல்லறையும் 1980கள்ல நொவீனா ஸ்டேஷனுக்காக தோண்டி எடுத்தாச்சு. டான் டாக் செங் ஆஸ்பத்திரிக்குப் போக நாம எத்தன தடவ அங்க எறங்கியிருப்போம்! இவ்வளவு கதை இருக்குற எடத்த வேன் கண்ணாடி வழியா ரெண்டு நிமிஷத்துல காட்டிட்டுப் போனா எப்படி? வாட்டர்லூ ஸ்திரீட்ல அரை மணி நேரத்தக் கொறச்சிருக்கலாம். ரெண்டு கல்லறை, ரெண்டு மேலயும் எம்ஆர்டி ஸ்டேஷன், அதுவும் ஒரே செவப்பு லைன்ல, டூரோட உயிரே அதுலதான் இருக்கு.

சுவா சூ காங் கல்லறைன்னா எம்ஆர்டி பக்கம்னு நெனச்சுடாதீங்க, அது உள்ள தள்ளி, லிம் சூ காங் பக்கம், ரோடு ரெண்டு பக்கமும் மரம், பண்ணை, ஆட்டுப்பால் விக்கிற எடம். சிங்கப்பூர்ல கிராமம் மாதிரி மிச்சம் இருக்குற மூலைங்கள்ல இது ஒண்ணு. புதுசா அடக்கம் பண்ண எடம் இருக்குறது இங்க மட்டும்தான். சீனவங்க, முஸ்லிம், கிறிஸ்தவங்க, இந்து, பார்சி, பஹாய், எல்லாருக்கும் தனித்தனி பகுதி. வீவக புளோக்ல, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடுங்கள்ல, எல்லா இனமும் கலந்து இருக்கணும்னு சட்டம், இங்க மட்டும் தனித்தனின்னு குரூப்ல ஒருத்தர் ஜோக்கடிச்சாரு. யூதர் பகுதி சின்னதுதான். உள்ள போக கைடு முன்னாடியே சொல்லி வெச்சிருந்தாரு.

இங்கதான் டூர் நிமிந்து நின்னுச்சு. கைடு ஒவ்வொரு கல்லா நிறுத்தி படிக்கக் கத்துக் குடுத்தாரு. பாக்தாத் வழிக்காரங்க கல்லு படுத்த மாதிரி இருக்கும், ஐரோப்பா வழிக்காரங்களுது நிமிந்து நிக்கும், எல்லா எடத்துலயும் கறாரா அப்படி இல்லனாலும் பொதுவா அப்படி. ரெண்டு கை விரல விரிச்சு ஆசீர்வாதம் பண்ற மாதிரி செதுக்கியிருந்தா அவரு ஆசாரியர் வம்சம், அதாவது பூசாரிக் குடும்பம், கூஜா இருந்தா லேவியர், கோயில்ல அவங்களுக்கு ஒத்தாசை பண்ணவங்க வம்சம். ஆசாரியர் வம்சத்துக்காரங்க சாதாரணமா கல்லறைக்குள்ளயே வரக் கூடாதாம், செத்த அப்புறம்தான் வருவாங்கன்னு அப்பா சிரிச்சாரு. வருஷத்த எழுத்துல போட்டிருப்பாங்க, நம்ம முன்னோருங்க க, உ, ங ன்னு எழுத்தயே நம்பரா எழுதுன மாதிரி, அவங்களுக்கும் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண்ணு. வர்ற தொகையில 3760 கழிச்சா நம்ம வருஷம், 5690னா 1930. நான் போன் கால்குலேட்டர எடுத்தேன், அப்பா மனசுலயே போட்டுட்டாரு.

கல்லோட அடியில அஞ்சு எழுத்து எல்லாத்துலயும் ஒரே மாதிரி வருது. அது ஒரு வாக்கியத்தோட சுருக்கம், இவரோட ஆத்துமா உயிரோட இருக்குறவங்க கட்டுல சேத்துக் கட்டப்படட்டும்னு அர்த்தம்னாரு கைடு. நாங்க கிறிஸ்தவக் குடும்பம், அப்பா ஒரு நிமிஷம் நின்னு, "ஜீவனுள்ளோருடைய கட்டிலே... பாப்பா, இது அபிகாயில் தாவீதுகிட்ட சொன்னது, சாமுவேல்ல வருது" ன்னாரு. அவரு பைபிள தெனம் படிக்கிற ஆளு, ஆனா அது இப்படி சுவா சூ காங்ல ஒரு கல்லுல நிக்கும்னு எதிர்பாக்கல.

டேவிட் மார்ஷலும் இங்கதான். நம்ம ஊர் மொத முதலமைச்சர், 1955லேருந்து 1956 வரைக்கும், கிரிமினல் கேஸ்ல அவர அடிச்சிக்க ஆள் இல்லன்னு அப்பா தலைமுறைல கதை கதையா சொல்லுவாங்க. போர்க்கைதியா ஜப்பான் வரைக்கும் போய் திரும்பி வந்தவரு, 1995ல இறந்தாரு. அவங்க பூ வைக்குறதில்ல, சின்ன கல்லு ஒண்ண எடுத்து மேல வெப்பாங்க, வந்துட்டுப் போனேன்ங்கிறதுக்கு அடையாளமா. நானும் ஒண்ணு வெச்சேன். எங்க வீட்டுக்காரர் பக்கம் இந்து, கருமாதிக்கு கல்லு ஊன்றத நான் பாத்திருக்கேன், ஊர்ல நடுகல்லும் பாத்திருக்கேன், அதனால அது ஒண்ணும் அந்நியமா தெரியல.

பேசிட்டே இருக்கும்போது தலைக்கு மேல ஃபைட்டர் ஜெட். பக்கத்துலயே தெங்கா விமானத் தளம், ஒரு தடவ போச்சுன்னா ரெண்டு நிமிஷம் யார் பேசறதும் கேக்காது. அந்தத் தளத்த விரிக்க 2017ல அறிவிச்சாங்களே, ஞாபகம் இருக்கா, சீனவங்க கல்லறை 45,500, முஸ்லிம் கல்லறை 35,000, மொத்தம் 80,500 தோண்டி எடுக்கணும்னு. ஊரு தொரத்திட்டு வருது, கல்லறை தள்ளித் தள்ளிப் போகுது, இதுக்கு மேல தள்ளிப் போக கடல்தான் இருக்கு.

அப்பாதான் கேட்டாரு, "இங்க எத்தன வருஷம் தம்பி?" 1998லேருந்து அடக்கம் பண்ணா 15 வருஷம்தான், அப்புறம் தோண்டி எடுப்பாங்க, எரிக்கக் கூடாதுன்னு இருக்குற மதத்துக்காரங்கள சின்ன குழியில மறுபடி அடக்கம் பண்ணுவாங்கன்னு கைடு பொதுவான சட்டத்தச் சொன்னாரு. அப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் அவரு பாணியில ஆரம்பிச்சாரு. "ஆபிரகாமு பொண்டாட்டி சாராள அடக்கம் பண்ண மக்பேலா குகைய வாங்குனாரு. எடத்துக்காரன் எப்ரோன் சும்மாவே எடுத்துக்கங்கன்னான். வேணாம்னு சொல்லி நானூறு சேக்கல் வெள்ளிய எடை போட்டு, ஊர்ல எல்லாரும் பாக்கக் குடுத்தாரு. ஏன்? சும்மா வாங்குனா நாளைக்கு எந்திரின்னு சொல்லுவான். காசு குடுத்து வாங்குனா ஃப்ரீஹோல்டு, என்னிக்கும் நம்மளுது." கைடுக்கு நான் மொழிபெயர்த்தேன், அவரு சிரிச்சு, நானூறு வெள்ளியான்னு கேட்டாரு, இல்ல, நெஜ வெள்ளின்னேன். "ஆனா யோசேப்பு எலும்ப மோசே எகிப்துலேருந்து தூக்கிட்டுத்தானே போனாரு, அப்ப இவங்களுக்கு இது பழக்கம்தான்" னு அப்பாவே முடிச்சாரு.

அப்பா ஏன் இதெல்லாம் கேக்குறாருன்னு எனக்குத் தெரியும். எங்க தாத்தாவ 1969ல பிடாதரியில அடக்கம் பண்ணாங்க. பிடாதரி 1907லேருந்து இருந்த கல்லறை, 1972ல மூடுனாங்க, 2001லேருந்து 2006க்குள்ள கிறிஸ்தவங்க கல்லறை மட்டும் 58,000 தோண்டுனாங்க. தாத்தா முறை வந்தப்ப அப்பா விடியக்காலைல தனியாப் போய் நின்னாரு, என்ன கெடச்சுதுன்னு இன்னிக்கு வரைக்கும் எங்ககிட்ட சொன்னதில்ல. சாம்பல் இப்ப இதே சுவா சூ காங்ல, அஸ்தி மாடத்துல இருக்கு. இன்னொரு விஷயம், போன வருஷம் எங்க அத்தைப் பேரனுக்கு பிடிஓ, அதாவது அரசாங்கப் புது வீடு, கெடச்சது, எங்கன்னு பாத்தா பிடாதரி. எல்லாரும் கூடி கேக் வெட்டுனப்ப அப்பா "பரவால்ல, தாத்தா பழைய அட்ரஸுக்குத்தான் போற" ன்னாரு, அந்தப் பையனுக்குப் புரியல.

வெளிய வரும்போது எல்லாரும் கை கழுவணும், குழாய் பக்கத்துல கைடு நின்னு ஞாபகப்படுத்துனாரு. கல்லறைக்குப் போய்ட்டு வந்தா தலைக்கு ஊத்திக்கிட்டுத்தான் வீட்டுக்குள்ள வரணும்ங்கிற ஊர்க்காரங்களுக்கு இத யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல, முருகன் சக்கரம் ஆண்ட்டி முழங்கை வரைக்கும் கழுவுனாங்க.

மார்க்குன்னா அஞ்சுக்கு நாலு. கொறச்ச ஒண்ணுல பாதி வேனுக்கு, பாதி நொவீனாவுக்கு. கைடுக்கு மட்டும்னா அஞ்சுக்கு அஞ்சு, தெரியாதத தெரியாதுன்னு சொல்றாரு, பெரியவங்க குறுக்க பேசுனா மொறைக்கல. போறவங்க தொப்பி, தண்ணி, கொசு மருந்து கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க, அங்க கொசு நம்ம புளோக் கொசு மாதிரி இல்ல, பேன்ட்டுக்கு மேலயே கடிக்குது. சக்கர நாற்காலிக்கு வழி சரியில்ல, புல்லும் மேடும் பள்ளமும். சாப்பாடு கிடையாது. பேச்சு எல்லாம் இங்கிலீஷ்ல.

டூர் முடிஞ்சதும் வேன் டிரைவர்கிட்ட அப்பா ஏதோ கேட்டாரு, மலாய்ல ரெண்டு வார்த்தை, அவரு மத்தவங்கள்ட்ட சொல்லிட்டு எங்கள அஸ்தி மாடம் வாசல்ல எறக்கி விட்டாரு, லேட்டா வந்ததுக்கு அதோட நான் மன்னிச்சிட்டேன். தாத்தா மாடம் மேல் வரிசையில, கழுத்த நிமித்தித்தான் பாக்கணும். அப்பா வழியில ரோட்டோரம் ஒரு கூழாங்கல்ல எடுத்து வெச்சிருந்திருக்காரு, எனக்குத் தெரியாது. பாக்கெட்லேருந்து எடுத்தாரு, அண்ணாந்து பாத்தாரு, வைக்க ஒரு விரக்கடை எடம் கூட இல்ல, வழவழன்னு ஒரே சொவரு. திரும்ப பாக்கெட்லயே போட்டுக்கிட்டாரு. வீட்டுக்கு வந்ததும் அம்மா அதக் கண்டுபிடிச்சு, கல்லறையிலேருந்து எதையும் எடுத்துட்டு வரக் கூடாதுன்னு சத்தம் போட்டு, இப்ப அது வாசல்ல செருப்பு ஸ்டாண்டு மேல இருக்கு.